பென் டோக் பழைய ஸ்பீடுக்கு வருவானா?

"20 வயசுக்குள்ள முட்டி, தொடை, ஹாம்ஸ்ட்ரிங்னு மூணு பெரிய இஞ்சுரி, பென் கேனன்-டோக் கேரியர் அவ்ளோதானா, இல்ல இன்னும் நம்பலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். முன்னாடி பென் டோக்னு சொன்ன அதே ஸ்காட்லாந்து ஃபுட்பால் விங்கர்தான் இவன், விங்கர்னா ஓரத்துல ஓடி கோலுக்குப் பந்து போடுறவன்; ஹாம்ஸ்ட்ரிங்னா தொடையோட பின்பக்கத் தசை. கேரியர்னு கேட்டாலும் அதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, இந்தப் பையன் உடம்புலயே ஏதாவது கோளாறா, இல்ல சும்மா நேரம் சரியில்லையா. ரெண்டாவது, ஓட்டத்தை வச்சே பொழைக்கிற ஒரு விங்கருக்கு அந்த ஓட்டம் திரும்ப கிடைக்குமா. ரெண்டுக்கும் பதில் வேற வேற, அதனால தனித்தனியா போறேன், கொஞ்சம் நீளும், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நான் யாருன்னா, பிசியோதெரபிஸ்ட், கிளாஸ்கோல 14 வருஷம். பெரிய கிளப் எதுலயும் வேலை பார்த்ததில்ல. என்கிட்ட வர்றவங்க ஞாயித்துக்கிழமை லீக் ஆடுற எலக்ட்ரீஷியன், டீமுக்கு அஞ்சு பேரா ஆடுற ஃபைவ்ஸ் ஆடப்போய் தசையை கிழிச்சுக்கிட்ட அக்கவுன்டன்ட், அகாடமில இருந்து கழட்டிவிட்ட 17 வயசுப் பசங்க, இப்படித்தான். பென்னோட ஸ்கேனை நான் பார்க்கல, அதைப் பார்த்தவங்க வெளியில பேச மாட்டாங்க. அதனால அவனைப் பத்தி நான் சொல்றது செய்தியில வந்த விஷயமும், அந்த மாதிரி இஞ்சுரி பொதுவா எப்படிப் போகும்ங்கிற அனுபவமும் சேர்ந்ததுதான்.

முதல்ல கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா தேதிகள் முக்கியம். 2005 நவம்பர் 11ல பொறந்தவன், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்குல ஏர்ஷயர் பக்கம் டால்ரின்னு சின்ன ஊர். கிளாஸ்கோ கிளப் செல்டிக்ல வளர்ந்தான், 2022 ஜனவரில 16 வயசுல சீனியர் டீமுக்கு இறங்கிட்டான், அடுத்த சில நாள்லயே அதே ஊர்ப் பரம எதிரி ரேஞ்சர்ஸுக்கு எதிரா ஓல்ட் ஃபர்ம் மேட்ச்லயும் இறக்கிவிட்டாங்க, இங்க அது எவ்ளோ பெரிய விஷயம்னு கிளாஸ்கோல இருந்தாத்தான் புரியும். அந்த சம்மரே லிவர்பூல். 17 வயசு ஆகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி லீக் கப்ல டெர்பி கவுன்டிக்கு எதிரா ஆடினான், டிசம்பர் 26ல ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரா பிரீமியர் லீக். அதுவரைக்கும் எல்லாமே ஏறுமுகம்.

2023 டிசம்பர்ல முட்டில மெனிஸ்கஸ்ங்கிற குருத்தெலும்பு போச்சு, ஆபரேஷன். அந்த சீசனே கிட்டத்தட்ட முடிஞ்சுது. அப்படி இருந்தும் அப்போ ஸ்காட்லாந்து கோச்சா இருந்த ஸ்டீவ் கிளார்க், ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பான 2024 யூரோவுக்கு முதல்ல அறிவிச்ச ஸ்காட்லாந்து லிஸ்ட்ல இவனைச் சேர்த்தார், கடைசில ஃபிட்னஸ் பிரச்சனைன்னு விலக வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் மிடில்ஸ்பரோ கிளப்புக்கு லோன், அதாவது தற்காலிகமா ஆட, அங்கதான் பையன் பூந்து விளையாடினான். 2024 செப்டம்பர்ல போலந்துக்கு எதிரா நாட்டுக்காக முதல் மேட்ச், நவம்பர்ல கிளாஸ்கோல இருக்குற ஸ்காட்லாந்து ஸ்டேடியமான ஹாம்ப்டன்ல குரோஷியாவுக்கு எதிரா யோஷ்கோ க்வார்டியோலை வச்சு செஞ்சான் பாருங்க, மான்செஸ்டர் சிட்டி டிஃபென்டர்ங்க அந்த ஆளு, அவரையே திணறடிச்சான். ஜான் மெக்கின் அடிச்ச வின்னிங் கோலே இவன் ஓட்டத்துல இருந்து வந்ததுதான். ரெண்டு மாசம் போல கழிச்சு, 2025 ஜனவரில தொடைல இஞ்சுரி, மார்ச்ல ஆபரேஷன், அந்த சீசனும் காலி. ஆகஸ்ட்ல போர்ன்மவுத் 2 கோடி பவுண்டு குடுத்து, போனஸ் எல்லாம் சேர்ந்தா இரண்டரைக் கோடி வரைக்கும் போகும்னு சொல்லி வாங்கினாங்க. இஞ்சுரி வரலாறு இவ்ளோ இருந்தும் மெடிக்கல் பாஸ் ஆகி அந்தக் காசு குடுத்திருக்காங்கன்னா, அந்த ரெண்டு ஆபரேஷனும் நல்லா செட் ஆயிருக்குன்னு அவங்க டாக்டர்கள் நம்பினாங்கன்னுதான் அர்த்தம். இது ஊகம்தான், ஆனா தைரியமா சொல்லக்கூடிய ஊகம்.

அப்புறம் 2025 நவம்பர் 18. நான் இருக்கிறது மவுன்ட் ஃப்ளோரிடா ஏரியா, ஹாம்ப்டன் நடந்து போற தூரம். வீட்ல டிவி பார்த்தா ஒரு கஷ்டம் இருக்கு, ஸ்டேடியம் சத்தம் முதல்ல ஜன்னல் வழியா வந்துடும், டிவில கோல் அப்புறமாத்தான் விழும். டென்மார்க்கை ஜெயிச்சா 1998க்கு அப்புறம் முதல் உலகக் கோப்பை. மூணாவது நிமிஷம் ஜன்னல் அதிர்ந்துச்சு, அப்புறம் டிவில பார்த்தேன், பென் வலது பக்கத்துல இருந்து தூக்கிக் குடுத்த பந்தை ஸ்காட் மெக்டாமினே தலைகீழா பறந்து அடிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு அதே ஜன்னல் ஒரேயடியா அடங்கிடுச்சு. என்னடான்னு டிவியைப் பார்த்தா பென் தரையில கிடக்குறான். மூணாவது இஞ்சுரி, ஹாம்ஸ்ட்ரிங். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க, மேட்ச் ஆரம்பிச்சு அரை மணி நேரம் கூட ஆகல. 20 வயசு ஆகி சரியா ஒரு வாரம்.

இப்போ முதல் கேள்வி. உடம்புலயே கோளாறா? மூணு இஞ்சுரியும் மூணு வேற பாகத்துல நடந்தது, இதை யாரும் கவனிக்கிறதில்ல. மெனிஸ்கஸ் தசையே இல்ல, முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற வாஷர் மாதிரி ஒரு குருத்தெலும்பு. அதோட வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் போகும், உள் பகுதிக்குப் போகாது. ஓரத்துல கிழிஞ்சா தைக்கலாம், ஆறும், ஆனா நாலஞ்சு மாசம் இல்ல அதுக்கு மேலயே ஆகும். உள்ள கிழிஞ்சா பெரும்பாலும் கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்துடுவாங்க, அதுல சீக்கிரம் விளையாட வந்துடலாம், ஆனா வாஷர் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு இல்லையா, 30 வயசுல அந்த முட்டி கணக்கு கேட்கும். அதனால சின்னப் பசங்களுக்கு முடிஞ்ச வரை தைக்கத்தான் பார்ப்பாங்க. மைதானத்துல ஒரு மோசமான திருப்பத்துல யாருக்கு வேணும்னாலும் கிழியலாம், அதை வச்சு "வீக் பாடி"ன்னு சொல்றது அநியாயம்.

தொடையோட முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் வேற கதை. இது ரெண்டும் ஸ்பீடோட நேரடியா சம்பந்தப்பட்டது. ஹாம்ஸ்ட்ரிங் எப்போ கிழியுதுன்னு கேட்டா நிறைய பேர் "காலைத் தள்ளும்போது"ன்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் அப்படி இல்ல. ஃபுல் ஸ்பீடுல ஓடுறப்போ முன்னாடி வீசின கால் தரையைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முந்தி, முட்டி நீண்டுக்கிட்டே போகும், அந்தக் காலை பிரேக் போட்டு நிறுத்துற வேலை ஹாம்ஸ்ட்ரிங்குக்கு. அதாவது தசை நீள்ற அதே நேரத்துல அதிகபட்ச பலத்தோட இழுத்தும் பிடிக்கணும். கயிறு இழுக்கிற போட்டில கால் வழுக்கிக்கிட்டே போகும்போதும் கயிறை விடாம பிடிக்கிறவன் நிலைமைதான். ஸ்பீடு ஏற ஏற இந்த பாரம் ரொம்ப வேகமா ஏறும். மெதுவா ஓடுறவனுக்கு இந்த இஞ்சுரி வர்ற வாய்ப்பே குறைவு. பென் மாதிரி முதல் அஞ்சு மீட்டர்லயே ஆளைத் தாண்டுறவன் ஒரு மேட்ச்ல எத்தனை தடவை அந்த எல்லையைத் தொடுறான்னு யோசிச்சுப் பாருங்க. என்ஜின் பெருசு, பிரேக் மேல பாரமும் பெருசு.

அவனுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்ல இது. ஐரோப்பாவுல பெரிய கிளப்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்க்கிற, ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ (UEFA) ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல 2001-02 சீசன்ல மொத்த இஞ்சுரில ஹாம்ஸ்ட்ரிங் பங்கு 12 சதவீதம், 2021-22ல அது 24. டபுள். டாக்டர்கள் மோசமானதால இல்ல, ஆட்டம் வேகமாயிடுச்சு, மேட்ச்சும் கூடிக்கிட்டே போகுது.

எனக்கு உறுதியா தெரியுறது ஒண்ணு உண்டு: ஹாம்ஸ்ட்ரிங் இஞ்சுரிக்கு மிகப்பெரிய காரணி ஏற்கனவே ஒரு தடவை ஹாம்ஸ்ட்ரிங் போயிருக்கிறது. இதுல பிசியோக்களுக்குள்ள பெரிய சண்டை கிடையாது. ஆனா முன்பக்கத் தொடை போனதுனால பின்பக்கம் போச்சா, முட்டி ஆபரேஷனால ஓடுற ஸ்டைல் மாறி தொடை போச்சான்னு கேட்டா, அது சந்தேகக் கேஸ். ஒரு கால்ல ஆபரேஷன் ஆனா அந்தப் பக்கம் பலம் குறையும், மறுபக்கம் சுமையை ஏத்துக்கும்னு சொல்றது கேட்க நியாயமாத்தான் இருக்கு, என் பேஷன்ட்டுங்கள்ல சில பேர்கிட்ட அதைப் பார்த்தும் இருக்கேன். ஆனா பார்க்காத இன்னும் நிறைய பேரும் இருக்காங்க, அவங்களை நாம ஞாபகம் வச்சுக்க மாட்டோம், அதுதான் அனுபவத்தோட பிரச்சனை. அதனால "ஒண்ணு இன்னொண்ணை இழுத்துட்டு வந்துச்சு"ன்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க.

எனக்கு இதைவிட பெருசா படுறது இழந்த மாசங்கள்தான். 16ல இருந்து 20 வரைக்கும் ஒரு பையனோட தசையும், அதை எலும்போட சேர்க்கிற தசைநாணும் பெரியவங்க ஆட்டத்துக்குப் பழகுற காலம். தசை சீக்கிரம் பலம் ஏறும், தசைநாண் ரொம்ப மெதுவாத்தான் ஏறும், அதுக்கு மாசக்கணக்குல விடாம பயிற்சி வேணும். பென்னுக்கு 18ல பாதி வருஷம் போச்சு, 19ல பாதி வருஷம் போச்சு. ரீஹேப்ல, அதாவது இஞ்சுரில இருந்து தேறி வர்ற பயிற்சில, ஜிம் வேலை நடந்திருக்கும், ஆனா வாரம் ஒரு மேட்ச், ரெண்டு கடுமையான டிரெயினிங்னு ஒரு முழு சீசன் இடைவெளி இல்லாம ஓடின உடம்பு இருக்கே, அது ஜிம்ல கிடைக்காது. ஸ்பீடு மட்டும் வந்துடுச்சு, அதைத் தாங்குற சேமிப்பு பேங்க்ல சேரல. ஒவ்வொரு இஞ்சுரியும் அந்த சேமிப்பை எடுத்துச் செலவு பண்ண வைக்குது. இவனை 'இஞ்சுரி ப்ரோன்', அதாவது எப்பவும் இஞ்சுரி ஆகுறவன்னு கூப்பிட எனக்கு மனசு வராததுக்கு இதுதான் காரணம், இது குணம் இல்ல, கணக்கு. 18 மாசம் தொடர்ச்சியா ஆடிட்டா கணக்கு மாறிடும்.

ரெண்டாவது கேள்வி, ஸ்பீடு. நல்ல சேதி என்னன்னா உச்ச வேகம் பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஒரே ஒரு தடவை 30 மீட்டர் ஓடச் சொன்னா சரியா ரீஹேப் பண்ணினவன் பழைய டைமுக்கு பக்கத்துல வந்துடுவான். லேட்டா வர்றது வேற ரெண்டு. ஒண்ணு, 70வது நிமிஷத்துல அதே ஓட்டத்தை எட்டாவது தடவை ஓடுறது. இன்னொண்ணு, யோசிக்காம ஓடுறது. போன வருஷம் எங்க கிளினிக்குக்கு ஒரு 19 வயசுப் பையன், அமெச்சூர் விங்கர், ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சு வந்தான். பத்தாவது வாரம் டெஸ்ட் எல்லாம் பாஸ், ரெண்டு கால் பலமும் சமம். நார்டிக் செய்வான் தினமும், அதாவது முட்டிக்கடியில துண்டை மடிச்சுப் போட்டு மண்டி போட்டு, நான் குதிகாலை அமுக்கிப் பிடிச்சுக்க, உடம்பை பலகை மாதிரி நேரா வச்சு முன்னாடி மெதுவா சாயணும். ஆரம்பத்துல பாதி தூரம் வர்றதுக்குள்ள பொத்துனு கையூனி விழுவான், பத்தாவது வாரத்துல மூக்கு தரைக்கு ஒரு சாண் வர்ற வரைக்கும் பிடிச்சான். எல்லாம் சரி. ஆனா புல்தரையில கூட்டிட்டுப் போய் ஃபுல்லா ஓடுடான்னா, 90 சதவீதம் வரைக்கும் வந்து அங்கயே நிப்பான். கால் ரெடி, தலை ரெடியில்ல. "அண்ணா, அந்தச் சத்தம் ஞாபகம் வருது"ன்னான். தமிழ்ப் பையன்தான், இங்கயே பொறந்து வளர்ந்தவன். கிழிஞ்ச அன்னிக்கு டப்புனு கேட்ட சத்தம். அவனை 95க்கு மேல ஓட வைக்க எனக்கு இன்னும் நாலு வாரம் ஆச்சு.

இதுல ஒரு முரண் இருக்கு. ஸ்பிரின்ட்தான் இந்தத் தசையைக் கிழிக்குது, ஆனா ஸ்பிரின்ட்தான் பாதுகாக்கவும் செய்யுது. வாரத்துல ரெண்டு தடவையாவது உச்ச வேகத்தைத் தொடாத பிளேயர், சனிக்கிழமை மேட்ச்ல திடீர்னு தொட்டா ஆபத்து. நார்டிக் பயிற்சியும் அப்படித்தான், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல ஹாம்ஸ்ட்ரிங் இஞ்சுரியை கிட்டத்தட்ட பாதியா குறைக்குதுன்னு வந்திருக்கு, ஆனா அதை ஒழுங்கா செய்ற கிளப் ரொம்பக் குறைவு, ஏன்னா மறுநாள் கால் வலிக்கும், பிளேயருக்குப் பிடிக்காது, கோச்சுக்கும் பிடிக்காது.

எவ்ளோ நாள் ஆகும்னு கேட்டா, அது எங்க கிழிஞ்சுதுங்கிறதைப் பொறுத்தது. ஒரே அளவு கிழிசல், தசையோட ஓரத்துல இருந்தா மூணு நாலு வாரம், உள்ள ஓடுற தசைநாண்ல இருந்தா மூணு நாலு மாசம், எலும்புல இருந்தே பிய்ஞ்சு வந்தா அதுக்கும் மேல. எம்.ஆர்.ஐ.ல நாங்க முதல்ல தேடுறது தசைநாண் இறுக்கமா நேரா இருக்கா இல்ல அலை அலையா சுருண்டிருக்கான்னுதான். சுருண்டிருந்தா ரூம்ல யாரும் பேச மாட்டாங்க.

ஆரோன் ஹிக்கியைப் பாருங்க, அவசரமும் துரதிர்ஷ்டமும் சேர்ந்தா எப்படி இழுக்கும்னு தெரியும். கிளாஸ்கோ பையன், 16 வயசுல ஹார்ட்ஸுக்காக 2019 ஸ்காட்டிஷ் கப் ஃபைனல் ஆடினவன், அப்புறம் போலோன்யா, பிரென்ட்ஃபோர்ட். 2023 அக்டோபர்ல ஹாம்ஸ்ட்ரிங். சில மாசம்னு நினைச்சது கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவுல திரும்பவும் பின்னடைவு, யூரோவும் போச்சு. ஆனா 2025ல ஸ்காட்லாந்து டீம்ல திரும்ப ஆடினான். இன்னொரு ஸ்காட்லாந்து பிளேயர் ஜான் சூட்டார் இன்னும் கொடுமை, குதிகாலுக்கு மேல இருக்குற அகிலிஸ் தசைநாண் மூணு தடவை அறுந்தது, அகிலிஸ் ஒரு தடவை அறுந்தாலே நாங்க குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசுவோம். அந்த ஆள் 2021 நவம்பர்ல ஹாம்ப்டனுக்குத் திரும்பி வந்து டென்மார்க்குக்கு எதிராவே கோல் அடிச்சார். இதை வச்சு "பார்த்தீங்களா, எல்லாரும் வந்துடுவாங்க"ன்னு நான் சொல்லல. திரும்பி வராதவங்க பேரு நமக்கு ஞாபகம் இருக்காது, அவ்ளோதான். சூட்டார் டிஃபென்டர், ஸ்பீடு குறைஞ்சாலும் நிக்கிற இடத்தை வச்சு சமாளிக்கலாம். விங்கருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து, 2026 உலகக் கோப்பைக்கு இவன் ரெடியாவானாங்கிற கேள்வி. 2025 டிசம்பர் குலுக்கல்ல ஸ்காட்லாந்துக்கு பிரேசில், மொராக்கோ, ஹைத்தி விழுந்திருக்கு, 1998லயும் பிரேசிலும் மொராக்கோவும்தான், விதி பாருங்க. நவம்பர் 18ல இருந்து ஜூன் நடு வரைக்கும் ஏழு மாசம் இருக்கு. காகிதத்துல பார்த்தா தாராளம். ஆனா நான் பயப்படுறது வேற இடத்துல. அதே யூஈஎஃப்ஏ ஆய்வுல, திரும்ப வர்ற ஹாம்ஸ்ட்ரிங் இஞ்சுரில மூணுல ரெண்டு பங்கு, விளையாட வந்த முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே நடக்குது. பென் பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்குல வந்துட்டா அந்த ஆபத்தான ரெண்டு மாசம் போர்ன்மவுத்ல கழிஞ்சிடும், ஜூனுக்குள்ள பத்து மேட்ச் கால்ல ஏறியிருக்கும். மே மாசம்தான் வர்றான்னா அந்த ரெண்டு மாசமும் நேரா உலகக் கோப்பை மேலயே வந்து உட்காரும். அப்போ கிளார்க் அவனைக் கூட்டிட்டுப் போனாலும் கடைசி 25 நிமிஷத்துக்கு மட்டும் இறக்குறதுதான் புத்திசாலித்தனம், முதல் நிமிஷத்துல இருந்து பிரேசில் ஃபுல்பேக், அதாவது ஓரத்து டிஃபென்டர் கூட ரேஸ் விடுறது இல்ல. ஸ்காட்லாந்து ரசிகனா எனக்கு வேற ஆசை இருக்கு, ஆனா பிசியோவா கேட்டா இதான்.

கேரியர் முடிஞ்சுதான்னா, இல்லவே இல்ல. 20 வயசு. அன்னிக்கு ராத்திரியே டென்மார்க் மேட்ச்ல கடைசி நேரத்துல மூணாவது கோலை அடிச்சது யாரு? கீரன் டியர்னி. 2024 யூரோல சுவிட்சர்லாந்து மேட்ச்ல இதே மாதிரி ஹாம்ஸ்ட்ரிங் போய் ஸ்ட்ரெச்சர்ல போன ஆளு, அதுக்கு முன்னாடி தோள்பட்டை, முட்டின்னு பாதி உடம்பு ரிப்பேர் பார்த்தவர். அன்னிக்கு கோல் காத்தது கிரெய்க் கோர்டன், 42 வயசு, முட்டி தசைநாண் போய் ரெண்டு வருஷம் கிளப்பே இல்லாம இருந்துட்டு வந்தவர், அப்புறம் கால் ஒடிஞ்சும் வந்தவர். அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல பென்னுக்கு ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

அவன் திரும்ப இறங்குறப்போ நீங்க பார்க்க வேண்டியதை மட்டும் சொல்லிடுறேன், கோலையும் அசிஸ்ட்டையும் விடுங்க. முதல் ஸ்பிரின்ட்டையும் விடுங்க, அது அட்ரினலின்ல வந்துடும். செகண்ட் ஹாஃப்ல, ஃபுல்பேக்கைத் தாண்டி ஓடி பந்தை உள்ள போட்டுட்டுத் திரும்ப நடந்து வர்றப்போ அவன் கையைப் பாருங்க. இடுப்புல இருந்தா சரி. தொடைக்குப் பின்னாடி போகுதான்னு பாருங்க.